ஆண்கள் சிவப்பு, பெண்கள் வெள்ளை

ஒன்பது வயதில் நான் ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் ஆண்கள் எல்லாரும் உள்ளே சிவப்பு, பெண்கள் எல்லாரும் உள்ளே வெள்ளை. பாடப் புத்தகத்தில் இல்லாத சங்கதி என்பதால் வாத்தியாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஆனால் நான் ஒன்றும் வாய்க்கு வந்ததை உளறவில்லை. ஊரில் பாதிப் பேருடைய கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தேன்.

எல்லாம் நர்சம்மாவால் வந்தது. எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில், பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி ஏரிக்கரை மேல் அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். மாதம் ஒரு முறை நர்சம்மா வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையுமாக அந்தக் கரைமேல் வருவது தூரத்திலேயே தெரியும். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, அந்த ஆடி மாதம் எங்கள் வீட்டுப் படலைத் தள்ளிக்கொண்டு நேராகப் பின்பக்கத்துக்கு வந்துவிட்டார். துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

நர்சம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தை நிமிர்த்தி, கண்ணுக்குக் கீழே விரல் வைத்து இமையைக் கீழ்ப்பக்கம் இழுத்தார்.

"இன்னாம்மா இது? சொவுத்துக்கு சுண்ணாம்பு அட்ச்சா மாதிரி வெள்ளையா கீது. ஒடம்புல ரத்தமே இல்லியே."

"நல்லாத்தாங்க கீறேன்."

"மூச்சு வாங்குதா?"

"கொடம் தூக்கினு வரசொல்ல கொஞ்சம் வாங்கும்."

"மண்ணு, சாம்பலு, ஏதாச்சும் துன்றியா? மறைக்காத சொல்லு."

"சீச்சீ, அதெல்லாம் இல்லிங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக என் சிலேட்டுப் பல்பங்கள் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அண்ணன்தான் திருடுகிறான் என்று முடிவு கட்டி, அவன் தோளில் பல் பதியக் கடித்து, அதற்காக உதையும் வாங்கியிருந்தேன். அப்புறம் ஒருநாள் நெல் குதிருக்குப் பின்னால் கறுக் மொறுக்கென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் பல்பத்தை முறுக்கு தின்பதுபோல் தின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன், ஒன்றும் பிரமாதமில்லை. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இப்போதே எழுத்தறிவு ஊட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

நர்சம்மா குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்கே ரத்தம் இல்லன்னா உள்ள கீற கொயந்தைக்கு எங்கேர்ந்து வரும்? பொறக்கசொல்லயே நோஞ்சானாப் பொறக்கும். அப்பால எம்மாம் ஊட்டினாலும் வளராம நிக்கும். ஒன் உசுருக்கும் ஆபத்து, பாத்துக்க. கீரை, முட்டை, ஈரலு துன்னு. அடுத்த வாட்டி மாத்திர எட்த்தாறேன்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்றது காதில் விழுந்து பயமாக இருந்தது. ஆனால் அதைவிட, ரத்தமே இல்லை என்றது மண்டையைக் குடைந்தது. போன வாரம்தான் கத்திரிக்காய் அரிகிறபோது அருவாமணை அம்மாவின் விரலில் பட்டு ரத்தம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு எப்படி ரத்தம் இல்லை என்கிறார்? கண்ணுக்குள் பார்த்தால் உடம்புக்குள் இருப்பது தெரியுமா? அப்படியானால் மற்றவர்களுக்கு உள்ளே என்ன நிறம்?

முதலில் நைனா மாட்டினார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவரின் இமையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடி பண்ற?"

"கண்ணுல தூசி கீது நைனா."

"என் கண்ணுத் தூசி எனக்குத் தெரியல, ஒனக்கு எப்டிடி தெரிஞ்சிது?" என்று அதட்டினாலும் கண்ணைக் காட்டினார். உள்ளே பழுத்த மிளகாயின் நிறம். அண்ணன் சும்மா காட்டமாட்டேன் என்றான். ஒரு கோலிக்குண்டு லஞ்சம் கொடுத்தேன். அவனும் சிவப்பு. தபால்காரர் சிவப்பு, பூசாரி சிவப்பு, டீக்கடைக்காரர் ரத்தச் சிவப்பு. எங்கள் வண்டி மாட்டையும் விடவில்லை. அது தலையை ஒரு உலுக்கு உலுக்கியதில் வைக்கோல் போரில் போய் விழுந்தேன். ஆனாலும் விழுவதற்குள் பார்த்துவிட்டேன், அதுவும் சிவப்புதான்.

பெண்கள் பக்கம் வேலை சுலபமாக இருந்தது. நடவு நேரம். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கிறவர்கள் நடுவில் புகுந்து, ஒவ்வொருத்தியாக இமையை இழுத்துப் பார்த்தேன். "டாக்டரம்மா வந்துகீறாங்க, எல்லாம் வரிசையா குந்துங்கடி" என்று சிரித்துக்கொண்டே காட்டினார்கள். வெள்ளை, வெள்ளை, வெளிர் மஞ்சள், மறுபடி வெள்ளை. ஏரிக்கு அந்தப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருத்திக்கு அம்மாவைவிடப் பெரிய வயிறு. அவள் இமைக்குள் பச்சரிசி மாவு நிறம். நர்சம்மா உங்கள் வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

"எங்க பக்கம்லாம் யாரு கண்ணு வருவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சேற்றில் இறங்கிப் போய்விட்டாள்.

சிலேட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதியதில் விதி தானாகத் தெரிந்தது. ஒரே ஒரு விலக்கு, ரைஸ்மில்காரர் வீட்டம்மா. அவர் மட்டும் பெண்ணாக இருந்தும் சிவப்பு. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று ஊரே கேலி பேசும். வேறு ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த அத்தைதான் ஊரிலேயே அதிக வெள்ளை. அவள் நைனாவின் அக்கா, வீட்டுச் சமையலும் நிர்வாகமும் அவள் கையில்தான். எல்லாரும் சாப்பிட்டு, அம்மாவும் சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்கிறவள். கடைசியாகக் கண்ணாடி முன் நின்று என் இமையை இழுத்தேன். சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, ரோஜா நிறம். நான் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை என எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் நர்சம்மா வந்ததும் என் கண்டுபிடிப்பைச் சிலேட்டோடு ஒப்பித்தேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிலேட்டை வாங்கிப் படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மில்லுக்காரர் வூட்டம்மா மட்டும் செவப்பா?" என்று கேட்டு, சிலேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பளபளவென்று சிவப்பு மாத்திரைகள், ஒவ்வொன்றும் பெரிய பொட்டு அளவு.

"இதாண்டி ஒங்கம்மாவுக்கு வேண்டிய செவப்பு. தெனம் ஒண்ணு, சோறு துன்னப்பறம். நீதான் பொறுப்பு. ஒங்கம்மா மறந்துட்டா நீ உட்ற கூடாது, இன்னா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இத்தனை பேர் இருக்க, என் அம்மாவின் சிவப்புக்கு நான் பொறுப்பு.

நர்சம்மாவின் குடை கரையில் மறைகிறவரை சமையல்கட்டிலேயே இருந்த அத்தை, அப்புறம்தான் வெளியே வந்தாள். அம்மாவிடம் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நான் அவளை வில்லியாக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"தா பாரு பொண்ணே. மாத்திர துன்னா புள்ள உள்ளயே பூசணிக்கா கணக்கா பெருத்துப் பூடும். பெருத்துட்டா வெளில வராது. எனக்கு வந்துச்சா? மூணு நாளு. நீயும்தான கூட இருந்த. அப்பால வந்தது, நல்லா ராஜா மாதிரி, இம்மாம் பெரிய கொயந்தை. மூச்சுதான் இல்ல." அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சின்னதாப் பொறக்கட்டும். வெளில வந்து வளந்துக்கட்டும். நீ உசுரோட இருக்கணும் எனக்கு."

"சரிக்கா" என்றாள் அம்மா. நர்சம்மாவிடமும் இதே குரலில்தான் "சரிங்க" என்றிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மாவின் தட்டில் சோறு பாதியாகக் குறைந்தது. அத்தைக்கு அவள்மேல் அவ்வளவு அக்கறை. அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். என்னிடம் தனியாக மட்டும், "அத்தைக்குத் தெரியாம நீ மாத்திரயக் குடுடி கண்ணு. ஒன் பல்பம் டப்பாவுல போட்டு வையி, அதான் காலியா கீதே" என்றாள். டப்பா எப்படிக் காலியானது என்று தெரிந்தவளுக்குத்தானே அதைச் சொல்லத் தோன்றும்.

பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன். அந்த நேரம் அத்தை கழனிக்குச் சோறு எடுத்துப் போயிருப்பாள். அம்மா சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கை கழுவ நிற்பாள். நான் பள்ளிக்கூடப் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு மாத்திரை கொடுப்பேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். அப்புறம் வாய் கொப்பளித்து, கல்லோரம் முளைத்திருந்த கறிவேப்பிலைச் செடியின் அடியில் துப்புவாள். நான் சிலேட்டின் மூலையில் ஒரு கோடு போடுவேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, நான் அந்த மாத்திரையை நக்கிப் பார்க்கிறவரை.

குற்றம் மாத்திரையின்மேல்தான். அவ்வளவு பளபளப்பாக அதைச் செய்திருக்கக் கூடாது. ஒருநாள் கொடுப்பதற்கு முன் உதட்டில் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். உதடு சிவந்தது. நாக்கால் தொட்டேன். தித்திப்பு! அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்து சேருகிற வழி முழுக்க அதை வாயில் அடக்கிக்கொண்டு வந்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் சிவப்பு முழுக்கப் போய், சாம்பல் பூத்த வெள்ளையாக ஒன்று உள்ளங்கையில் இருந்தது. அதன் நுனி நாக்கில் பட்டபோது துருப்பிடித்த ஆணியைச் சப்பிய கசப்பு. பாவாடையில் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டாள். கேட்கவில்லை என்றதும் எனக்குத் துணிச்சல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாத்திரைகூடச் சிவப்பாக அம்மா கைக்குப் போகவில்லை.

புரட்டாசியில் நர்சம்மா வந்து இமையை இழுத்தார். "மாத்திர போடறியா இல்லியா? கொஞ்சம்கூட ஏறலியே. முன்னைக்கு இப்ப இன்னும் வெள்ளையா கீது."

"போடறேங்க. தோ, இவதான் தெனம் குடுக்கறா."

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் சிலேட்டைக் காட்டினேன். கோடுகள் ஒன்றும் தவறவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு பொட்டலம் கொடுத்துவிட்டு, "வலி வந்தா வூட்டுல வச்சினு இருக்காதீங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வாங்க" என்று நைனாவிடம் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிப் போனார்.

நான் கண்ணாடிக்கு ஓடினேன். இமையை இழுத்தேன். என் ரோஜா நிறம் சிவப்பாகியிருந்தது. ஆகியிருந்தது என்றுதான் அன்றைக்கு அடித்துச் சொல்லியிருப்பேன். இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்? நர்சம்மா கொடுத்த சிவப்பு அம்மாவுக்குப் போகவில்லை. நக்கி நக்கி நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். வழியில் நின்று அம்மாவின் ரத்தத்தைத் தின்றுவிட்டேன். ஆண்களைப்போல நானும் சிவப்பாகிவிட்டேன், அம்மா செத்துப்போகப் போகிறாள்.

புதுப் பொட்டலத்தை நான் நாக்கால் தொடவில்லை. ஆனால் தின்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கறி எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி ஈரலும் ரத்தப் பொரியலும் நைனாவுக்கும் அண்ணனுக்கும். ஏர் பிடிக்கிறவர் அவர், பிடிக்கப்போகிறவன் இவன். எனக்குச் செல்லத்துக்கு ஒரு துண்டு ஈரல் விழும். நர்சம்மா ஈரல் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. என் துண்டை வாயில் போடுவதுபோல் பாவனை செய்து, கைக்குள் மூடிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி கையில?"

"ஈரலு. நீ துன்னு."

அம்மா சாம்பல் கையை உதறிவிட்டு என்னையே பார்த்தாள். "நீ துன்னலியா?"

"எனக்கு வாணாம். நீ துன்னும்மா, சீக்கிரம், அத்த வந்துடும்."

அவள் அதை வாங்கினாள். வாய்வரைக்கும் கொண்டுபோனாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, முழுத் துண்டையும் உள்ளே திணித்துவிட்டாள். "வளர்ற பொண்ணு, நீ துன்னு கண்ணு. எனக்கு இன்னா, நான் வளந்து முட்ச்சவதான?" நான் அழுதுகொண்டே மென்றேன். அழுகிறபோதும் ஈரல் ருசியாகத்தான் இருந்தது. அதற்காகவும் சேர்த்து அழுதேன்.

ஐப்பசி கடைசியில், நாள் இன்னும் இருக்கும்போதே, அடைமழையில் ஒரு காலை அம்மாவுக்கு வலி கண்டது. அத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். குழந்தை சுலபமாக வந்துவிட்டது. அத்தை சொன்னபடியே சின்னதாக இருந்தது. ஆனால் வந்த பிறகு உதிரம் நிற்கவில்லை. அம்மாவின் உதடு காகிதமாக வெளுத்ததை வாசல்படியில் நின்று பார்த்தேன். ரைஸ்மில்காரர் தன் லாரியை அனுப்பினார். கோணிகளைப் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, அம்மாவையும் துணியில் சுற்றிய குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நைனாவும் அத்தையும் காஞ்சிபுரம் போனார்கள். நான் பல்பம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே நடந்ததை நைனா அப்புறம் சொன்னார். ரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள், சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்றார்களாம். முதலில் கையை நீட்டியது அத்தை. "எம்மாம் வோணுமோ எட்த்துக்கோங்க, எனக்கு இன்னாத்துக்கு" என்றாளாம். அங்கிருந்த நர்ஸ் அத்தையின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, ஒங்களுக்கே ஏத்தணும்போல கீதே" என்று கையைத் திருப்பி மடியில் வைத்துவிட்டாராம். நைனாவின் ரத்தம் பொருந்தியது. ஊசிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிற நைனா அன்றைக்குத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்ததாக அத்தை சொன்னாள்.

பத்து நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் படுக்கவைத்ததும் நான் முதல் காரியமாக அவள் இமையை இழுத்தேன். லேசாக, மிக லேசாக, ரோஜா. ஆண்களின் சிவப்பைப் பெண்களுக்கு ஊற்ற முடியும் என்று என் விதியில் ஒரு திருத்தம் சேர்த்துக்கொண்டேன். பிறகு குழந்தையின் இமையைப் பார்க்கக் குனிந்தபோது அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். தங்கச்சி நைனாவின் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிட்டாள்.

அத்தைதான் அவளை வளர்த்தாள். வெளியில் வந்து வளர்ந்துகொள்ளட்டும் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றத் தலைகீழாக நின்றாள். முட்டை, கேழ்வரகுக் கூழ், ஆட்டுக்கால் சூப், எல்லாம் ஊட்டினாள். தங்கச்சி பிழைத்தாள், பேசினாள், என்னைவிட நன்றாகப் படித்தாள், ஆனால் உயரவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் நைனா எங்களை நிலைக்கதவில் சாய்த்து நிறுத்திக் கரிக்கோடு போடுவார். அண்ணன் கோடு ஏறும், என் கோடு ஏறும், அவளுடையது மட்டும் தயங்கித் தயங்கி ஏறும். பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முதல் ஆளாகவே நின்றாள். அவளுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு கோட்டிலும் நாக்கில் தித்திப்பு வந்தது. அவளுடைய உயரத்தை நான்தான் நக்கித் தின்றேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்து வருஷம் சொல்லவில்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் சொன்னேன். மத்தியானம், அதே துவைக்கிற கல். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கினேன், அதே சிவப்பு. ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டுமென்று தங்கச்சி கல்மேல் ஏறி நின்று எட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் செடி அதற்குள் மரமாகியிருந்தது. ஊரில் யார் வீட்டிலும் அவ்வளவு கரும்பச்சையாகக் கறிவேப்பிலை கிடையாது. பக்கத்து ஊரிலிருந்து வந்து கன்று கேட்பார்கள். அவள் பறித்துக்கொண்டு உள்ளே போனதும், அம்மாவிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா சிரித்தாள். கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ நக்கிக் குட்த்தது எனக்குத் தெரியாதாடி? ஒதடெல்லாம் செவப்பா வந்து நிப்ப."

"தெரிஞ்சுமா கம்முனு இருந்த? எல்லாம் என்னாலதானம்மா?"

"போடி பைத்தியம். மேல கீறது சக்கரைச் சாயம். மருந்து உள்ளதான் கீது. நீ நக்கினதால ஒண்ணும் கொறஞ்சி பூடல." சிரிப்பு அடங்கி, கறிவேப்பிலை மரத்தின் அடியைப் பார்த்தாள். "நீயும் நர்சம்மாவும் மனசு நோவக் கூடாதுன்னு வாங்கிக்கினேனே தவிர, நான் ஒண்ணுகூட முழுங்கலடி. நாக்குக்கு அடில வச்சினு, நீ அந்தாண்ட திரும்பினதும் கொப்பளிச்சி அதும் வேர்ல துப்பிடுவேன்."

நான் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தேன்.

"ஒங்க அத்த பட்டத மூணு நாளும் பக்கத்துல இருந்து பாத்தவ நான். கொயந்தை பெருத்துட்டு, வெளில வராம, நான் செத்துப் பூட்டேன்னா? ஒன்ன யாரு பாப்பா? ஒனக்கு அப்ப தலகூட பின்னிக்கத் தெரியாது." அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒன் தங்கச்சிதான் பாவம். ஒனக்காவ நான் இருக்கணும்னு நெனச்சேன். அவளுக்கு இன்னா வோணும்னு நெனைக்கல."

உள்ளே தங்கச்சி கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். நர்சம்மா எங்கள் வீட்டுக்குக் கொடுத்துப்போன இரும்பையெல்லாம் தின்று அது மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. நான் வைத்தியம் படித்தவள் இல்லை. தங்கச்சி குள்ளமாகப் போனதற்கு அது ஒன்றுதான் காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஊர் முழுக்கக் கண்ணைப் பிரித்துப் பார்த்த சிறுமி, எங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் சிலேட்டில் எழுதிப் பார்க்கவில்லை. அது தினமும் கண்ணெதிரே நடந்ததால் அதைப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

சமையல்கட்டிலிருந்து அத்தை ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். வயதாகி நடை தளர்ந்திருந்தது. "இன்னும் போடலியா மாத்திர? போடு" என்று செம்பை என் கையில் கொடுத்தாள். நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்பிப் போகப் பார்த்தேன்.

அம்மா என் தாடையைப் பிடித்தாள்.

"நாக்கத் தூக்கு" என்றாள்.